நாளறியாக் காத்திருப்பு: பொதுமுடக்கக் காலத்தில் திருவண்ணாமலை இளைஞர்களின் மன அழுத்தமும் அன்றாட வாழ்வும்

ஆய்வுச் சுருக்கம்

கொரோனா பொதுமுடக்கம் இளைஞர்களுக்கு ஏற்படுத்திய மன அழுத்தம், வீட்டுக்குள் அடைபட்டதன் விளைவாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. திருவண்ணாமலையின் வாழ்வியல் சூழலில், முடிவுநாள் அறியாமல் காத்திருந்ததே அதன் முதன்மைக் கூறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பொதுமுடக்கம், மன அழுத்தம், கிரிவலம், போட்டித் தேர்வு, காத்திருப்பு.

முன்னுரை

2020 மார்ச் 25 அன்று 21 நாட்களுக்கென நாடு முழுவதும் பொதுமுடக்கம் தொடங்கியது. பின்னர் அது மே 3, மே 17, மே 31 என அடுத்தடுத்து நீட்டிக்கப்பட்டது. பெருந்தொற்றின் முதலாண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலகளவில் 25 விழுக்காடு மிகுந்தன என்றும், இளைஞர்களும் பெண்களுமே கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் தெரிவித்தது.

மன அழுத்தம் குறித்து 1984இல் நூலெழுதிய லாசரஸ், ஃபோக்மன் ஆகிய உளவியலாளர்கள், ஒரு நிகழ்வு எப்போது நேரும் என்பதை அறியாத நிலையையும் அழுத்தக் காரணிகளுள் ஒன்றாகக் கொள்வர். இக்கருத்தே இக்கட்டுரைக்கு அடிப்படையாகும்.

பௌர்ணமியும் வருவாயும்

திருவண்ணாமலையின் பொருளியல் பௌர்ணமியைச் சார்ந்தது. சுமார் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் திரளும் பக்தர்களை நம்பியே பூக்கடை, உணவகம், தங்கும் விடுதி, ஆட்டோ ஆகிய தொழில்கள் நடைபெறுகின்றன. ஏறத்தாழ ஈராண்டுக் காலம், பௌர்ணமி நெருங்குந்தோறும் கிரிவலத் தடை புதிதாக அறிவிக்கப்பட்டது. 2020 நவம்பர் 29 அன்று மகாதீபம் மலைமீது ஏற்றப்பட்டபோதும் வெளியூர்ப் பக்தர்கள் திரள வழியில்லை. தடை ஒரே ஆணையாக நீண்டகாலத்திற்கு விதிக்கப்பட்டிருப்பின், குடும்பத்தொழிலில் துணைநிற்கும் இளைஞர் மாற்றுவழி தேடியிருக்கக்கூடும். மாதந்தோறும் எழுந்து மடிந்த எதிர்பார்ப்போ அத்தகைய முடிவுக்கு இடந்தரவில்லை.

தேர்வும் வயதும்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2020 ஏப்ரல் 5இல் நடத்தவிருந்த தொகுதி 1 முதனிலைத் தேர்வு, 2021 ஜனவரி 3 அன்றே நடைபெற்றது. 2019 செப்டம்பர் 1இல் நடந்த தொகுதி 4 தேர்வுக்குப்பின், அடுத்த தேர்வு 2022 ஜூலை 24 அன்றுதான் நிகழ்ந்தது. இதற்கிடையில் அரசு ஊழியர் ஓய்வு வயது 2020 மே மாதம் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. தேர்வு தள்ளிப்போயிற்று, பணியிடம் காலியாவதும் தள்ளிப்போயிற்று, வயது மட்டும் நிற்கவில்லை. நேரடி நியமனத்திற்கான உச்ச வயது வரம்பை 2 ஆண்டுகள் உயர்த்துவதாக 2021 செப்டம்பரில் அரசு அறிவித்தது, இவ்விழப்பை ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகும்.

கல்வியும் அன்றாடமும்

இணையவழி வகுப்பு, வீட்டையே வகுப்பறையாக்கியது. கல்லூரி மாணவர் சுமார் 9.69 லட்சம் பேருக்கு நாள்தோறும் 2 ஜிபி இணையத்தரவு வழங்கும் திட்டம் 2021 ஜனவரியில்தான் அறிவிக்கப்பட்டது. ஒரே கைபேசியை உடன்பிறந்தாரோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய வீடுகளில், கற்றல் நேரம் பிறர் தேவைக்கேற்ப மாறியது. எழும் நேரம், உறங்கும் நேரம் ஆகியவற்றை ஒழுங்குசெய்த கல்லூரி மணியும் பேருந்து நேரமும் இல்லாமற்போயின.

முடிவுரை

வருவாய், பணி, கல்வி ஆகிய மூன்றிலும் பொதுவாக அமைந்தது நாள் குறிக்கப்படாமையே. தொற்றின் போக்கை முன்னறிவது அரிது என்பதால் தடைகளைக் குறைகூற இயலாது. ஆயினும், அடுத்த மறுஆய்வு எந்நாளில் நடைபெறும் என்பதையேனும் முன்கூட்டி அறிவிப்பது அரசுக்கும் தேர்வு அமைப்புகளுக்கும் இயலக்கூடியதே. கல்லூரி உளவள ஆலோசனையும், மாணவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்னும் வினாவிலிருந்து தொடங்குதல் பயன்தரும்.