வானிலை அறிக்கையும் மார்பு நோயும்



செய்திகளின் இறுதியிலே வானிலை அறிக்கை வாசிக்கப்படும்போது நம்மிற் பலர் எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுகின்றனர். கடற்றொழிலாளருக்கும் கமக்காரருக்கும் மட்டுமே அது வேண்டியது என்பது பொதுவான எண்ணம். ஆனால், நெஞ்சில் ஈளை கட்டி, நாலடி நடந்தால் மூச்சிரைக்கும் ஒருவருக்கு அவ்வறிக்கை மருந்துக்கு அடுத்த துணையாகும். அஃது எவ்வாறு என்பதைச் சபரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஆராய்வோம்.

நாட்பட்ட சுவாசத் தடைநோய் என மருத்துவர் கூறுவது, நுரையீரலின் காற்றுக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் வீங்கிச் சுருங்கி, சளி மிகுந்து, மூச்சை வெளிவிடுதல் கடினமாகும் நிலையாகும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021ஆம் ஆண்டில் இந்நோயினால் 35 இலட்சம் பேர் மாண்டனர். புகைபிடித்தல் இதற்குத் தலையாய காரணம். அடுப்புப் புகையும் அதற்குத் துணைபோகின்றது. சமையலும் உறக்கமும் அருகருகே நடைபெறும் லயத்துக் காம்பராக்களில், பீடியைத் தொட்டறியாத பெண்களையும் இந்நோய் பற்றுவது ஈரவிறகின் புகையாலேயாம்.

இந்நோய் எந்நாளும் ஒரேயளவில் நிற்பதில்லை. சில நாட்களில் திடீரெனப் பெருகும். அப்பெருக்கத்தில் வானிலைக்கும் பங்குண்டு. குளிர்காற்று மூச்சுக் குழாய்களைச் சுருக்குகின்றது. மக்கள் கதவடைத்துக் கூடியிருக்கும் மழைநாட்களில் தடிமன் எளிதிற் பரவுகின்றது. ஈரச் சுவர்களிற் பூஞ்சணம் படர்கின்றது. காற்று அசையாத நாட்களிலோ புகை கலையாது தேங்குகின்றது.

இவ்விறுதி நிலை எத்துணைக் கொடியது என்பதை இலண்டன் மாநகர் 1952ஆம் ஆண்டு டிசெம்பர் 5 முதல் 9 வரை கண்டது. கீழே குளிர்காற்றும் அதன்மேல் மூடிபோல் வெப்பக்காற்றும் நிற்க, நிலக்கரிப் புகை மேலெழ வழியின்றி நகரிலேயே தங்கிற்று. ஏறத்தாழ 4000 பேர் இறந்தனரென அக்காலத்திற் கணித்தனர். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை கூறுகின்றன. நம் நாட்டிலும் 2022 டிசெம்பரில், வங்கக் கடலில் மாண்டஸ் சூறாவளி உருவானவேளை, இந்தியப் பெருநிலப் பக்கமிருந்து வந்த காற்று மாசைச் சுமந்துவந்தது. அம்மாதம் 9ஆம் திகதி பாடசாலைகளை மூடவும் நேர்ந்தது.

காற்றின் திசையும் குளிரும் முன்னறியத்தக்கவை. எனவே அவற்றால் வரும் துன்பத்துக்கும் முன்னாயத்தம் செய்யலாமன்றோ? பிரித்தானிய வானிலை அலுவலகம் இந்நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் இதனைச் செய்து பார்த்தது. இடர்மிக்க காலநிலை அணுகும்போது, பதிவுசெய்த நோயாளரின் தொலைபேசிக்குத் தானியங்கி அழைப்பு வரும். உடலைச் சூடாக வைத்திருங்கள், மருந்து இருக்கின்றதா எனப் பாருங்கள் என்று நினைவூட்டும். இதனால் மருத்துவமனைக்குச் செல்வோர் தொகை குறைந்ததா என்பதில் ஆய்வுகள் ஒருமுகமான விடை தரவில்லை. எச்சரிக்கை செவியில் விழுந்தால் மட்டும் போதாது, அதன்பின் கை எதையேனும் செய்யவேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க கருத்து.

இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. டிசெம்பர், ஜனவரி மாத விடியற்காலைகளிலோ எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பள்ளத்தாக்குகளில் பனிமூட்டமும் அடுப்புப் புகையும் ஒன்றாய்த் தங்கும். 2016 மே 17இல் அரநாயக்க மலை சரிந்தது. 2017 மே மாதம் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியது. அத்தகைய நாட்களிற் பாதை அறுந்தால், மருந்து தீர்ந்த நோயாளி லயத்திலேயே தவிக்க வேண்டியதுதான்.

'மழையில் வெளியே போகாதீர்' என்று சொல்லிவிடுதல் எளிது. அன்று மலைக்குப் போகாவிடின் அன்றைய பேரே இல்லை என்னும் தொழிலாளிக்கு அது பயன்படாத அறிவுரை. ஆகவே, அவரால் இயன்றவற்றையே கூறுவோம்.

முதலாவது, பலத்த மழையோ மண்சரிவு எச்சரிக்கையோ அறிவிக்கப்பட்டால், பாதை திறந்திருக்கும்போதே கிளினிக் மருந்தையும் 'பம்ப்' எனப்படும் உள்ளிழுக்கும் மருந்தையும் பெற்று வைத்தல். இரண்டாவது, காய்ந்த விறகை முன்கூட்டியே உள்ளே சேர்த்தல். அடுப்பு எரியும் வேளையில் நோயாளியைப் புகைக்கு அப்பால் இருத்துதல். மூன்றாவது, குளிர் மிகுந்த காலையில் மூக்கையும் வாயையும் துணியால் மூடிச் செல்லுதல். நனைந்த ஆடையை உடன் மாற்றுதல். நான்காவது, மருத்துவர் விதித்த மருந்தை நலமாயிருக்கும் நாளிலும் நிறுத்தாதிருத்தல். தாமாகக் கூட்டவும் கூடாது.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் தாமதியாது மருந்தகம் செல்க. ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சில்லை, உதடு நீலம்பாய்ந்தது, நினைவு தடுமாறுகின்றது எனின், விடியட்டும் என்று காத்திராது 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸைப் பெறுக.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கை தமிழிலும் வெளிவருகின்றது. ஒவ்வொரு லயத்திலும் ஒரு பாடசாலைப் பிள்ளை அதனைக் கேட்டு, இருமும் பாட்டனுக்கும் பாட்டிக்கும் எடுத்துரைக்கட்டும். கேட்டதோடு நில்லாது, மருந்துப் பையையும் ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.