சீன வைத்தியரிடம் போகிறீர்களா?

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்ற பழமொழியை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். "ஆயிரம் வேரைக் கொண்டவன்" என்பதே பேச்சுவழக்கில் இப்படித் திரிந்துவிட்டது என்று சொல்வோரும் உண்டு. அப்படிப் பார்த்தால், ஆயிரம் வேரும் பட்டையும் அறிந்தவர்கூடப் பாதி வைத்தியர்தான். மீதிப் பாதி என்ன? நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்பதும், தம்மால் ஆகாததை "ஆகாது" என்று ஒப்புக்கொள்வதும்தான்.

ஜொகூர் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் வாழும் நமக்குச் சீன வைத்தியம் புதிதல்ல. மிளகும் காசுக்கட்டியும் பயிரிட 19ஆம் நூற்றாண்டிலேயே சீனர்கள் இங்கு வந்துவிட்டார்கள். பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கு நம் முன்னோர்கள் வந்தார்கள். குளுவாங், சிகாமாட், லாபிஸ் என்று எந்தக் கடைவீதிக்குப் போனாலும், சின்னச் சின்ன இழுப்பறைகள் நிறைந்த சீன மருந்துக்கடை ஒன்றைப் பார்க்கலாம். பால்வெட்டில் இடுப்பு பிடித்துக்கொண்டாலும், செம்பனைக் குலை அறுக்கையில் தோள் பிசகினாலும், "சின்சேயிடம் காட்டு" என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு.

அதில் தவறில்லை. மலேரியாக் காய்ச்சலை அடக்கும் ஆர்ட்டெமிசினின் மருந்து, சீன ஏடுகளில் சொல்லப்பட்ட ஒரு மூலிகையிலிருந்து கிடைத்ததே. அதைக் கண்டறிந்த சீன அம்மையார் து யூயூ 2015இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அந்த மூலிகையைப் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்த பிறகே உலகம் ஏற்றுக்கொண்டது. நாமும் வைத்தியரைச் சற்று விசாரித்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

சான்றிதழைக் கேளுங்கள்

லாரி ஓட்டுபவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்கிறோம். பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரும் ஆசிரியர் பயிற்சி பெற்றவரா என்று பார்க்கிறோம். நம் உடம்பைத் தொடுகிறவரிடம் கேட்க மட்டும் ஏன் கூச்சம்?

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டில் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் எண் 775. மலாய், சீன, இந்திய வைத்தியம் செய்கிறவர்கள் அதற்கென அமைந்த மன்றத்தில் பதிந்துகொண்டு, தொழில் செய்வதற்கான சான்றிதழும் பெற்றிருக்க வேண்டும் என்பது இச்சட்டத்தின் விதி. சான்றிதழைப் பார்க்க விரும்புவதாக மரியாதையுடன் கேளுங்கள். சந்தேகம் இருந்தால், அந்தப் பெயர் பதிவேட்டில் உண்டா என்று சுகாதார அமைச்சிடமே விசாரிக்கலாம்.

இந்நாளில் சீன மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. நம் ஜொகூரில் ஸ்கூடாயிலுள்ள சதர்ன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் அந்தப் படிப்பு உண்டு. "எங்கே படித்தீர்கள்?" என்ற கேள்விக்கு, முறையாகப் படித்தவர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். கடையில் மருந்து நிறுத்துக் கொடுப்பவர் எல்லாரும் வைத்தியர் அல்லர் என்பதையும் மறக்க வேண்டாம்.

பயிற்சி பெற்ற வைத்தியர் பார்ப்பார், குரலையும் மூச்சையும் கவனிப்பார், கேள்வி கேட்பார், நாடி பிடிப்பார். இந்த நான்கும் சீன வைத்தியத்தின் அடிப்படை. நாக்கை நீட்டச் சொல்லாமல், நாடி பார்க்காமல், இரண்டு நிமிடத்தில் மருந்தை நீட்டுகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். மொழி புரியாவிட்டால், மலாயோ சீனமோ நன்கு தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள்.

மருந்தைப் பாருங்கள்

எங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் பாட்டி முழங்கால் வலியால் தவித்து வந்தார். இரவுச் சந்தையில் ஒருவர் விற்ற கறுப்பு மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டார். பொட்டலத்தில் பெயரில்லை. மூன்றே நாளில் வலி பறந்தது. பாட்டிக்கு ஒரே மகிழ்ச்சி. இரண்டு மாதத்தில் முகம் உப்பியது, இனிப்பு நீர் ஏறியது. மாத்திரை தீர்ந்து நின்றபோது மயங்கி விழுந்தார். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். பாட்டியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆளில்லாததால், பேத்தி இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை.

வலியைச் சட்டென்று மறைக்கும் "மூலிகை" மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலக்கப்படுவது நம் நாட்டில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்ட மோசடி. நாள்பட்ட பின் அதைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அப்படிப்பட்ட மருந்தைச் சாப்பிட்டு வருகிறவர்கள், மீதியைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

பெட்டியிலோ புட்டியிலோ விற்கும் மருந்தில் எம்.ஏ.எல். என்ற மூன்று எழுத்துகளும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பாரம்பரிய மருந்தானால் எண்ணுக்குப் பின் "டி" என்ற எழுத்து வரும். அங்கேயே நிறுத்துக் கட்டித் தரும் வேர், பட்டைகளுக்கு இந்த எண் இராது. ஆகவே அவற்றின் பெயர்களைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பெயர் எழுதி வாங்குவது எதற்கு? பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில் 1990களின் தொடக்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். உடல் இளைக்க அங்கே கொடுத்த மாத்திரையில் "ஃபாங் ஜி" என்ற மூலிகைக்குப் பதிலாக "குவாங் ஃபாங் ஜி" என்ற நச்சு மூலிகை சேர்ந்துவிட்டது. பெயர் ஒற்றுமையால் வந்த குழப்பம். சுமார் 100 பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது.

ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்தாதீர்கள்

"வெள்ளைக்கார மருந்தை விடு, என் மருந்து போதும்" என்று ஒருவர் சொன்னால், உடனே எழுந்து வந்துவிடுங்கள். இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, வலிப்பு, இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தவே கூடாது. இனிப்பு நீர், புற்றுநோய், சிறுநீரக நோய் முதலியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை நம் நாட்டின் 1956ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படி விளம்பரத் தாள் கொடுக்கிறவரை எப்படி நம்புவது?

கிளினிக் புத்தகத்தைச் சின்சேயிடம் காட்டுங்கள். சின்சே எழுதிய தாளை டாக்டரிடம் காட்டுங்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சூப்பில் போடும் "டாங் குய்" வேர், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு இரத்தக் கசிவை உண்டாக்கலாம். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் டாக்டரைக் கேட்காமல் எந்த மூலிகையும் சாப்பிடலாகாது.

எலும்பு முறிந்ததோ என்று ஐயம் வந்தால், உருவி விடுவதற்கு முன் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். அக்குபங்சர் ஊசியானால், புதிய உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்க வேண்டும். ஒருவருக்குக் குத்திய ஊசியால் இன்னொருவருக்கு ஹெபடைடிஸ் போன்ற நோய்கள் தொற்றும்.

ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் ஆஸ்பத்திரியில் 2008ஆம் ஆண்டிலேயே பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. நாள்பட்ட வலிக்கும், பக்கவாதத்திற்குப் பிறகும் அக்குபங்சர் செய்துகொள்ளலாமா என்று உங்கள் டாக்டரிடமே கேட்கலாம். இரண்டு வைத்தியமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது, நாம் ஒன்றை மறைத்து மற்றொன்றைச் செய்வானேன்?

கடைசியாக ஒன்று. மொத்தச் செலவு எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். மூன்று மாத மருந்தை ஒரே தடவையில் வாங்காதீர்கள். ஒரு வார மருந்துக்குப் பிறகு உடம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நல்ல வைத்தியர் கேள்விக்குக் கோபிக்கமாட்டார். தேவையானால், "இது என்னால் ஆகாது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று அவரே அனுப்பி வைப்பார். வேரை அறிந்ததோடு தம் எல்லையையும் அறிந்த அப்படிப்பட்டவரே முழு வைத்தியர்.