திங்கட்கிழமைத் தண்ணீர்

வெள்ளிக்கிழமை மாலை. இரண்டு நாள் விடுமுறைக்கு முன் மீன் தொட்டியைப் பளிச்சென்று வைத்துவிட்டுப் போகலாம் என்று ஆசிரியர் வடிகட்டியைக் கழற்றுகிறார். உள்ளே இருக்கும் பஞ்சு பழுப்பேறி வழவழவென்றிருக்கிறது. குழாயடியில் பிடித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை பிழிந்து அலசி மறுபடி பொருத்துகிறார். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் தொட்டி அரிசி கழுவிய நீர் போலக் கலங்கி நிற்கிறது. குஞ்சுகள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. அமெரிக்காவில் ட்ரவுட் மீன் வளர்க்கும் வகுப்பறைகளில் அடிக்கடி நடக்கிற கதை இது. தண்ணீரைக் கெடுத்தது அந்தச் சுத்தம்தான்.

1959-ல் மிச்சிகன் மாநிலத்தின் ஓ சேபிள் ஆற்றங்கரையில் தொடங்கிய 'ட்ரவுட் அன்லிமிடெட்' அமைப்பும் பல மாநிலங்களின் மீன்வளத் துறைகளும் கைகோத்துப் பள்ளிகளில் இந்த வளர்ப்பை நடத்துகின்றன. இலையுதிர் காலத்திலோ குளிர்காலத்திலோ அரசுப் பொரிப்பகத்திலிருந்து முட்டைகள் வரும். வசந்தத்தில் குஞ்சுகளை ஓடையில் விடுவார்கள். இடைப்பட்ட மாதங்களில் ஒரு மலை ஓடையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஓடை சத்தமில்லாமல் செய்துவந்த வேலைகளை இங்கே கருவிகள் செய்கின்றன. அவற்றில் ஒன்று நின்றுபோகும்போதுதான், ஓடை என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

முதலில் குளிர். இந்தத் தொட்டிகளில் வளரும் வானவில் ட்ரவுட் வட அமெரிக்காவின் பசிபிக் பக்கத்து மீன். நீலகிரி அவலாஞ்சியில் 1907-ல் அமைந்த பொரிப்பகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த மீன் புதிதல்ல. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்ததைச் சமவெளியில் வளர்க்க முடியாது என்பதால் மலையேற்றி வைத்தார்கள். காரணம் மூச்சு. 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் 11 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகவே ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது ஏழரைதான். மீனோ குளிர் ரத்தப் பிராணி. தண்ணீர் சூடாக ஆக அதன் உடல் வேகமாக இயங்கி இன்னும் அதிக ஆக்சிஜனைக் கேட்கும். தேவை ஏறும் அதே நேரத்தில் இருப்பு இறங்குகிறது. 20 டிகிரியைத் தாண்டினால் ட்ரவுட் திணறத் தொடங்கிவிடும்.

அதனால்தான் சுமார் 200 லிட்டர் தொட்டியைச் சுற்றிலும் தெர்மோகோல் போன்ற பலகை ஒட்டி, குளிரூட்டியை வைத்து, 10 முதல் 12 டிகிரிக்குள் நிறுத்துகிறார்கள். குளிரூட்டி இரவும் பகலும் நிற்காமல் ஓடினால் அதன் காற்றுத்துளைகளில் தூசி அடைத்திருக்கும், அல்லது பக்கத்துச் சுவர் அது கக்கும் சூட்டை அதற்கே திருப்பி அனுப்பும். ஒரு சாண் நகர்த்தி வைத்தாலே பல தொட்டிகள் பிழைத்துக்கொள்ளும். மின்சாரம் போனால் உறைந்த தண்ணீர் பாட்டிலை மிதக்கவிட்டு, பேட்டரி காற்றுப் பம்பை ஓட்டுவார்கள்.

முட்டை வரும் நாளில் வகுப்பே தொட்டியைச் சுற்றி நிற்கும். கொத்தமல்லி விதை அளவு, ஆரஞ்சு நிறம், ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கரும்புள்ளிகள். அவை கண்கள். கண் தெரிவதற்கு முன் ஒரு கட்டத்தில் லேசான குலுக்கலே முட்டையைக் கொன்றுவிடும். கண் தெரிந்தபின் பயணத்தைத் தாங்கும், அதனால்தான் அதுவரை பொரிப்பகத்திலேயே வைத்திருக்கிறார்கள். நாள் குறிப்பது தண்ணீரின் வெப்பம். வானவில் ட்ரவுட் முட்டை கருவுற்ற நாளிலிருந்து பொரிய 10 டிகிரியில் சுமார் 31 நாள் ஆகும். 7 டிகிரிக்கு இறக்கினால் 48 நாளாக நீளும், 13-க்கு அருகே ஏற்றினால் 24-ஆகக் குறுகும். விடுமுறை நாளில் பொரித்துவிடுமோ என்று பயப்படும் ஆசிரியர் குளிரூட்டியில் ஓரிரு டிகிரி குறைத்து நாளைத் தள்ளிப்போடலாம். ஒரு குமிழைத் திருகிப் பிறந்தநாளை மாற்ற முடிகிறது என்பதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

செத்த முட்டை வெள்ளையாகிவிடும். அதன்மேல் பஞ்சு போலப் பூஞ்சைக்காளான் முளைத்துப் பக்கத்து முட்டைகளுக்கும் இழை நீட்டும் என்பதால், ரப்பர்க் குமிழ் வைத்த நீண்ட குழலால் தினமும் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுக்க வேண்டும். பொரிக்கும் நாளில் தண்ணீரில் நுரை கட்டுவதைப் பார்த்து மாணவர்கள் பதறுவார்கள், சோப்பு விழுந்துவிட்டதோ என்று. குஞ்சு உள்ளிருந்தே ஒரு நொதியைச் சுரந்து ஓட்டைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கரைந்த புரதம்தான் அந்த நுரை. நுரையையும் ஓட்டுத் துணுக்குகளையும் அள்ளி எடுத்தால் போதும்.

பிறந்த குஞ்சு வயிற்றில் மஞ்சள்கருப் பையைச் சுமந்தபடி கூழாங்கல் இடுக்கில் ஒளிந்து கிடக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு அதற்குத் தீனியே வேண்டாம். பை வற்றியதும் ஒருநாள் மேலே நீந்தி வந்து காற்றை ஒரு வாய் விழுங்கும், அந்தக் காற்றுதான் அதன் காற்றுப்பையை முதன்முதலாக நிரப்பும். நீர்ப்பரப்பில் எண்ணெய்ப் படலம் இருந்தால் அந்த ஒரு வாய் தவறிவிடும். சில குஞ்சுகள் தீனியை அடையாளம் காணவே கற்றுக்கொள்வதில்லை. தலை பெருத்து, உடல் சூம்பி, ஒரு வாரத்தில் வரிசையாகச் சாகும். அது யாருடைய தவறும் இல்லை என்று பிள்ளைகளிடம் முன்னதாகவே சொல்லிவைப்பது நல்லது.

இனி அந்தப் பழுப்புப் பஞ்சு. மீன் தன் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரிலேயே விட்டுவிடுகிறது. ஓடையில் அது அடித்துக்கொண்டு போய்விடும், தொட்டியில் தங்கும். அதைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள்தாம் பஞ்சில் வழவழவென்று படிந்திருந்தவை. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை, தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும். 1890-ஐ ஒட்டி செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் இவற்றைப் பிரித்தெடுத்தபோது, ஒளியே இல்லாமல், உப்புகளை எரித்த சக்தியைக் கொண்டு கரியமில வாயுவில் உடம்பு கட்டும் உயிர்கள் இருப்பதை உலகம் கண்டது. இத்தனை கஷ்டப்பட்ட பிழைப்பு என்பதால் வளர்ச்சி மெல்ல. குடல் பாக்டீரியா அரைமணி நேரத்தில் இரட்டிக்கும். இவற்றுக்குக் குளிர்நீரில் நாள்கணக்காகும். அதனால்தான் முட்டை வருவதற்கு வாரக்கணக்கில் முன்பே தொட்டியை ஓடவிடுகிறார்கள். அந்தக் குடியிருப்பைத்தான் வெள்ளிக்கிழமைக் குழாய்நீரின் குளோரின் அழித்தது. பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே மெல்ல அலசியிருந்தால் திங்கட்கிழமை அமைதியாக விடிந்திருக்கும்.

அம்மோனியாவைச் சோதிக்கும்போது எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். தண்ணீரில் அது இரண்டு வடிவில் இருக்கிறது. அயனியாக இருக்கும்வரை பெரிய தீங்கில்லை. வாயு வடிவில் இருப்பது செவுளைக் கடந்து உள்ளே போய்க் கொல்லும். 10 டிகிரியில் அமில-கார அளவான பிஎச் 7 என்றால் நச்சு வடிவம் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. பிஎச் 8 ஆனால் அது பத்து மடங்காகும். சோதனைக் குழாயில் நிறம் அதேதான். அம்மோனியா ஏறிக் கிடக்கும் தொட்டியில், பிஎச் குறைந்திருக்கிறதே என்று நல்லெண்ணத்தோடு சமையல் சோடாவைக் கொட்டினால், தீங்கின்றிக் கிடந்தது நிமிஷத்தில் நஞ்சாகிவிடும். முதலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும், தீனியை நிறுத்த வேண்டும். ஓரிரு நாள் பட்டினி ட்ரவுட்டுக்கு ஒன்றும் செய்யாது.

மாற்றும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். பல ஊர்களில் குழாய்நீரில் குளோரமின் கலக்கிறார்கள். குளோரின் நீக்கும் மருந்து அதை உடைத்தால் மிச்சம் நிற்பது அம்மோனியா. புதுத் தண்ணீர் விட்டும் அம்மோனியா குறையவில்லை என்று புலம்புகிறவர்கள் ஒருமுறை குழாய்நீரையே சோதித்துப் பார்க்கலாம்.

நைட்ரைட்டின் வேலை வேறு மாதிரி. அது ரத்தச் சிவப்பணுவில் புகுந்து ஹீமோகுளோபினை ஆக்சிஜன் தூக்க முடியாதபடி செய்துவிடும், ரத்தம் பழுப்பாகும். சுற்றிலும் ஆக்சிஜன் நிறைந்திருக்க மீன் மூச்சுத்திணறும். இதற்குக் கைமருந்து சிறிதளவு சமையலறை உப்பு, அயோடின் சேர்க்காதது. செவுளில் நைட்ரைட் நுழையும் அதே வாசல் வழியாகத்தான் குளோரைடும் நுழைகிறது. உப்பைக் கரைத்தால் வாசலில் குளோரைடு கூட்டம் கூடி நைட்ரைட்டுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

மே மாதம் வாக்கில் குஞ்சுகள் விரல் நீளத்தை எட்டும். அனுமதி பெற்ற ஓடையில்தான் விடலாம், வேறெங்கும் கூடாது. சுழல் நோயை உண்டாக்கும் ஐரோப்பிய ஒட்டுண்ணி மீன்களோடு சேர்ந்தே அமெரிக்க ஆறுகளுக்குள் வந்து பரவியது, அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. கரையில் வாளியை வைத்து, ஓடைநீரைக் குவளை குவளையாக ஊற்றி இரண்டின் குளிரையும் சமமாக்குகிறார்கள். பிறகு ஆளுக்கொரு கோப்பை.

தொட்டியில் இருந்தவரை குஞ்சுகள் எல்லாம் வடிகட்டியிலிருந்து தண்ணீர் பாயும் வாயைப் பார்த்தே தலைவைத்து நின்றன. கோப்பையைச் சாய்த்ததும் குஞ்சு ஒரு சாண் தூரம் பின்னோக்கி இழுபடுகிறது. பிறகு தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, வாலை இரண்டு முறை அசைத்து, ஒரு கல்லின் மறைவில் போய் நிற்கிறது.