ஏர் போகாத இடத்தில் பழைய ஊர்

இடைக்கால இங்கிலாந்தின் பல ஊர்களில் வயல்களுக்கு வேலி கிடையாது. பெருவயலை நீண்ட பட்டைகளாகப் பிரித்து உழுதார்கள். ஒரே குடியின் பட்டைகள் நல்ல மண்ணிலும் மோசமான மண்ணிலுமாகச் சிதறிக் கிடந்தன. அறுவடை முடிந்ததும் வயல் முழுவதும் ஊர்க் கால்நடைகளின் மேய்ச்சலாகும். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் சட்டம் போட்டு இவ்வயல்களில் பலவற்றை வேலியடைத்தார்கள். நாட்டிங்காம்ஷயரின் லாக்ஸ்டன் போன்ற மிகச் சில ஊர்களில்தான் அம்முறை பிழைத்திருக்கிறது. மற்ற இடங்களில், உழவு நின்று புல் மூடிய நிலத்தில், அந்தப் பட்டைகள் இன்றும் வரிவரியான மேடுபள்ளங்களாகத் தெரிகின்றன. தொடர்ந்து உழுத நிலத்தில் அவை பெரும்பாலும் மறைந்துவிட்டன. பழைய நில ஒழுங்கைத் தேடுகிறவர் ஏர் அதிகம் போகாத இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்த விதியை ஒட்டன்சத்திரம் பக்கம் பொருத்திப் பார்க்கலாம். ஊருக்கு வடக்கே கள்ளிமந்தையம் தாண்டி மூலனூர், தாராபுரம் நோக்கிப் போனால் கொறங்காடுகள் வரும்: கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம். ஆண்டுதோறும் உழாத மேய்ச்சல் நிலம் இது. இரண்டு வேலிகளுக்கு நடுவே ஆடுமாடு போய்வர விட்ட இட்டேரிகள் ஊரையும் காட்டையும் இணைக்கின்றன. கிணற்றுப் பாசனமும் டிராக்டரும் வரப்புகளை மாற்றிய காய்கறித் தோட்டங்களைவிட இந்தத் தடங்களில் பழைய ஒழுங்கு தங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

கொறங்காடு தனியார் நிலம், இங்கிலாந்தின் அந்தப் பொதுவயலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. நிலத்தையே பொதுவில் வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பங்குகளை மாற்றிக்கொண்ட கரையீடு தொண்டைமண்டலம் போன்ற பகுதிகளின் வழக்கம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் அதை விரிவாகப் பதிவு செய்தார். ஆளுக்கொரு பட்டா என்ற ரயத்துவாரி முறையில் அது தேய்ந்தது. கொங்குப் புன்செயில் அதற்கு நிகரான பட்டைகளை எதிர்பார்ப்பது தவறு. ஆனால் வேலி தனிச்சொத்தைக் காட்டுவதைப் போலவே இட்டேரி பொது உரிமையைக் காட்டுகிறது. ஆளாளுக்கு நிலத்தை அடைத்தபோதும் மந்தைக்கு வழிவிட ஊர் உடன்பட்டதன் சாட்சி அது. வேலிச் செடிக்கு வயது குறைவாக இருக்குமே என்பது அடுத்த தடை. பட்ட கிளுவைக்குப் பதில் அதே வரிசையில் புதுப் போத்து ஊன்றுவார்கள். ஆகவே செடியின் வயதை வைத்து எல்லையின் வயதைச் சொல்ல முடியாது. பழைய கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் தரையோடு ஒப்பிட்டால்தான் எது பழையது, எது புதியது என்று பிரிக்கலாம். இட்டேரிகள் ஆக்கிரமிப்பில் கரைந்தால் அந்த ஒப்பீட்டுக்குத் தரையில் எதுவும் மிஞ்சாது. அவற்றை அளந்து காப்பது மேய்ப்பவருக்கும் வரலாற்றுக்கும் ஒருசேரத் தேவை.