உடன்பிறவா உடன்பிறப்பு: அமெரிக்கக் கல்லூரி மகளிர் கழகங்களின் மரபுகளும் உறவுச்சொற்களும்

முன்னுரை

மொழிபெயர்ப்பு வகுப்பொன்றில் அமெரிக்கக் கல்லூரி மாணவி ஒருத்தியின் நினைவுக் குறிப்பை மாணவர்களுக்குப் பயிற்சியாக அளித்திருந்தேன். அப்பெண் தன் 'சோரோரிட்டி'யைச் சேர்ந்த சகோதரியர் அறுபதுபேரைப் பற்றி அதில் எழுதியிருந்தாள். பயிற்சித்தாள்களைத் திருத்துகையில், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளான அறுபது பெண்கள் ஒரே வீட்டில் வசித்து ஒரே கல்லூரிக்குச் சென்றுவருவதாக ஒரு மாணவர் எழுதியிருக்கக் கண்டேன். நகைப்புக்குரிய பிழையே எனினும், அதன் வேர் மாணவரிடத்தில் இல்லை. 'உடன்பிறந்தாள்' என்னும் தமிழ்ச்சொல்லும் 'சகோதரி' என்னும் வடசொல்லும் ஒரே கருவறையைப் பகிர்ந்துகொண்டவள் என்னும் பொருளையே அடிப்படையாகக் கொண்டவை. பிறப்பால் அமையாத உறவை அச்சொற்களுக்குள் அடைக்க முற்படும்பொழுது இத்தகைய இடர்ப்பாடு நேர்வது இயல்பே.

அமெரிக்கப் புதினங்களும் திரைப்படங்களும் நம் மாணவர்களின் அன்றாட வாசிப்பிலும் காட்சியிலும் இடம்பெற்றுவிட்ட நிலையில், இக்கழகங்களைக் குறித்து ஆசிரியர்கள் அறிந்திருத்தல் பயன்தரும். அவற்றின் உறுப்பினர்கள் பெரிதும் போற்றும் மரபுகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை எவ்வகை உறவை உண்டாக்குகின்றன என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. இவை விளையாட்டுச் சடங்குகள் என்று ஒதுக்கத்தக்கவை அல்ல என்பதும், ஆங்கில மொழி தர மறுத்த மூத்தாள்–இளையாள் உறவைச் செயலால் உருவாக்கிக்கொள்ளும் முயற்சியே அவற்றின் உயிர்நாடி என்பதும் என் கருத்தாகும்.

சொல்லும் தோற்றமும்

1851ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில், வெஸ்லியன் மகளிர் கல்லூரியில் 'அடெல்ஃபியன் சங்கம்' என்னும் மாணவியர் அமைப்பு தோன்றியது. இன்று 'ஆல்பா டெல்டா பை' என்று வழங்குவது இதுவே. சகோதரியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் ஆக்கப்பட்டது. அக்கிரேக்கச் சொல்லின் வேர்ப்பொருளும் 'ஒரே கருவறை' என்பதேயாகும். நம் மாணவரின் பிழைக்கு இவ்வாறு ஒரு தொல்மரபே துணைநிற்கிறது!

'சோரோரிட்டி' என்னும் சொல் பிற்காலத்தது. தொடக்கக் கழகங்கள் பல, ஆடவர் கழகங்களைக் குறிக்கும் 'ஃப்ராட்டர்னிட்டி' என்ற சொல்லையே தமக்கும் வழங்கிக்கொண்டன. அது சகோதரன் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்ததாகும். இப்பொருத்தமின்மையைக் கண்ட சைரகியூஸ் பல்கலைக்கழக இலத்தீன் பேராசிரியர் பிராங்க் ஸ்மாலி, அங்கு 1874இல் தோன்றியிருந்த 'காமா ஃபை பீட்டா' கழகத்தார்க்கு 1882இல் 'சோரோரிட்டி' என்னும் பெயரைப் பரிந்துரைத்தார். அதன் அடிச்சொல்லான 'சோரோர்', வடமொழியின் 'ஸ்வஸ்ரு' என்பதோடு ஓரினமானது என்பது இந்திய ஆய்வியல் துறையினர்க்குச் சுவையான செய்தியாகும்.

பெண்களுக்கெனத் தனிக்கழகம் ஏன் தேவைப்பட்டது? இந்தியானா ஆஸ்பரி பல்கலைக்கழகத்தின் (இன்றைய டிபாவ்) முதல் மாணவியருள் ஒருவரான பெட்டி லாக் பற்றி வழங்கிவரும் வரலாறு இதற்கு விடைதரும். ஆடவர் கழகம் ஒன்று தன் சின்னத்தை அணிந்துகொள்ளுமாறு அவரை வேண்டியதாம். உறுப்பினராகவோ என அவர் வினவ, இல்லை, வெறும் அணிகலனாகவே என்று விடை கிடைத்ததாம். அவர் அதனை மறுத்து, 1870இல் மூன்று தோழியரோடு 'கப்பா ஆல்பா தீட்டா'வை நிறுவினார். விரல்விட்டு எண்ணத்தக்க பெண்களே பயின்ற வளாகத்தில், உடன்பிறப்பு என்பது முதற்கண் ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகவே இருந்தது.

நூலும் மெழுகுவத்தியும்

இன்று உறுப்பினர்கள் தம் கல்லூரி வாழ்வை நினைவுகூரும்பொழுது முதலில் குறிப்பிடுவது, மூத்தவளை அறியும் சடங்கையே. புதிதாகச் சேரும் ஒவ்வொருத்திக்கும் முன்னரே சேர்ந்த ஒருத்தி 'பிக்' ஆக, அதாவது பெரியவளாக, அமைகிறாள். புதியவள் அவளுக்கு 'லிட்டில்', சின்னவள். தமிழ்க் குடும்பங்களில் பெற்றோர் தம் பெண்மக்களைப் 'பெரியவள்', 'சின்னவள்' என்று சுட்டும் வழக்கம் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. இணை முடிவானதும், பெரியவள் சில நாள்கள் தன்னை மறைத்துக்கொண்டு பரிசுகளையும் புதிர்க்குறிப்புகளையும் அனுப்பிவைப்பாள். சின்னவள் யாராக இருக்கும் என்று ஊகித்தவண்ணம் இருப்பாள். இறுதிநாளில் சில கழகங்களில் ஒரு நூற்கண்டின் முனையை அவள் கையில் கொடுப்பர். அந்நூல் மாடிப்படிகளைச் சுற்றி, அறைகளுக்குள் புகுந்து, நாற்காலிக் கால்களில் சிக்கிச் செல்லும். அதைச் சுற்றிக்கொண்டே போனால் மறுமுனையைப் பிடித்தபடி பெரியவள் நின்றிருப்பாள்.

முனைவர் பட்ட ஆய்வுக்காக அமெரிக்காவில் தங்கியிருந்த காலத்தில் இளங்கலை மாணவியர்க்குப் பயிற்சி வகுப்பு நடத்திவந்தேன். அவர்களுள் ஒருத்தி தன் கழகத்தின் 'குடும்ப மரத்தை' எனக்குக் காட்டினாள். பெரியவளுக்குப் பெரியவள், அவளுக்கும் பெரியவள் என்று பல தலைமுறைப் பெயர்கள் அதில் கிளைத்திருந்தன. பெரியவளின் பெரியவளைப் பாட்டி முறையாகக் குறிக்கும் சொல் அவர்களிடம் உண்டு. ஒரே ஆண்டில் ஒருத்தியிடம் சேர்ந்த இருவர் 'இரட்டையர்' ஆவர். "உங்கள் மொழியில் அக்காவின் அக்காவை எப்படி அழைப்பீர்கள்?" என்று அவள் ஆர்வத்தோடு கேட்டாள். "அக்கா என்றுதான்" என்றேன். அவள் முகத்தில் தோன்றிய ஏமாற்றம் இன்றும் நினைவில் நிற்கிறது.

அந்த ஏமாற்றத்தின் காரணம் எனக்குப் பின்னரே விளங்கிற்று. நம் முறையில் அக்காவின் அக்கா எனக்கும் அக்காவே. உடன்பிறந்தோர் ஒரே தலைமுறையில் கிடைவரிசையாக நிற்பவர்கள். அவர்களுடைய மரமோ செங்குத்தாக இறங்குகிறது. பெயரளவில் அது சகோதரி உறவாயினும் அமைப்பளவில் தாய்–மகள் வழிமரபேயாகும். கழகங்கள் சிலவற்றில் பெரியவளைத் 'தாய்' என்றே அழைக்கும் வழக்கும் இருந்துள்ளது. அவ்வழக்கே உண்மைக்கு நெருக்கமானது என்பேன். செவிலியின் மகளே தோழி என்பது நம் அகமரபு. பிறப்பால் அமையாத தோழமைக்கும் ஒரு தாய்வழியைத் தேடிக்கொள்ளும் போக்கு நமக்குப் புதியதன்று.

மற்றொரு மரபு மெழுகுவத்தி கைமாற்றுதல். அறை விளக்குகளை அணைத்துவிட்டு உறுப்பினர்கள் வட்டமாக நிற்பர். மலரோ நாடாவோ சுற்றிய மெழுகுவத்தி ஒன்று, பாடலினூடே, கையிலிருந்து கைக்குச் செல்லும். எவளோ ஒருத்திக்குத் திருமணம் உறுதியாகியிருக்கிறது. அவள் யாரென்பது பெரும்பாலோர்க்குத் தெரியாது. சுடர் தன்னிடம் வரும்பொழுது அவள் அதை ஊதி அணைப்பாள். இல்லம் ஆர்ப்பரிக்கும். சில கழகங்களில் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் பொருளுண்டு. முதற்சுற்றில் அணைத்தால் காதலன் தன் கழக எழுத்துகள் பொறித்த பதக்கத்தை அளித்துவிட்டான் என்றும், அடுத்த சுற்றில் அவன் தன் கழக ஊசிச்சின்னத்தைச் சூட்டிவிட்டான் என்றும், மூன்றாவதில் மோதிரம் மாற்றியாயிற்று என்றும் கொள்வர். பெற்றோர்க்குக் கடிதம் எழுதுவதற்கு முன்னரே செய்தியைச் சகோதரியர்க்குச் சொல்லும் மரபாக இது இருந்தது எனலாம். திருமணமே பெண்ணின் வெற்றி என்ற பழைய கருத்து இதில் உறைந்துள்ளமையை மறுப்பதற்கில்லை. சில இடங்களில் இன்று மேற்படிப்பு இடமோ வேலையோ கிடைத்ததையும் இம்முறையில் அறிவிக்கின்றனர்.

வரிசைச் சகோதரியர்

வெள்ளையரின் கழகங்கள் கறுப்பினப் பெண்களுக்குக் கதவடைத்திருந்த காலத்தில், 1908இல் வாஷிங்டன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 'ஆல்பா கப்பா ஆல்பா' தோன்றியது. அங்கேயே 1913இல் 'டெல்டா சிக்மா தீட்டா'வும் 1920இல் 'ஸீட்டா ஃபை பீட்டா'வும் எழுந்தன. 1922இல் இண்டியானாபொலிஸ் நகரில் 'சிக்மா காமா ரோ'வை நிறுவியோர் எழுவரும் ஆசிரியைகள் என்பதை இவ்விதழின் வாசகர்கள் மகிழ்வோடு குறித்துக்கொள்ளலாம்.

இக்கழகங்களில் உறவின் அச்சு வேறு. ஒரே காலத்தில் ஒன்றாகச் சேர்ந்தோர் 'வரிசைச் சகோதரியர்'. உயரத்தின்படி நிற்கவைத்து ஒவ்வொருத்திக்கும் எண் வழங்குவது பரவலான வழக்கம். அவ்வெண்ணையும் வரிசைப் பெயரையும் அவர்கள் முதுமை வரை சட்டையில் பொறித்து அணிவதுண்டு. ஒருவரையொருவர் 'சோரோர்' என்றே விளிப்பர். காலால் நிலத்தை உதைத்தும் கையால் உடலைத் தட்டியும் ஒரே தாளத்தில் ஆடும் 'ஸ்டெப்பிங்' ஆட்டமும், கூட்டத்தில் தம்மவரை இனங்காணக் கொடுக்கும் தனிக்குரலும் இவர்களுடைய உடைமைகள். ஆல்பா கப்பா ஆல்பா உறுப்பினர்க்கு 20 முத்துகள் அதன் நிறுவனர்களைக் குறிக்கும். 2021இல் அமெரிக்கத் துணை அதிபராகப் பொறுப்பேற்ற கமலா ஹாரிஸ், ஹோவர்டில் பயின்றபொழுது இக்கழகத்தில் சேர்ந்தவர். பதவியேற்பன்று அவர் அணிந்திருந்த முத்துமாலையின் பொருளை அக்கழகப் பெண்கள் உடனே உணர்ந்தனர். அவருடைய தாயார் தமிழ்க் குடும்பத்தவர் என்பது நாமறிந்ததே.

பட்டம் பெற்றபின்னும் இவ்வுறவு செயற்படுவதே இக்கழகங்களின் சிறப்பு. டெல்டா சிக்மா தீட்டா தோன்றிய இரு மாதங்களுக்குள், 1913 மார்ச் 3 அன்று, அதன் நிறுவனர்கள் வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் நடந்தனர். ஆல்பா கப்பா ஆல்பா 1935 முதல் 1942 வரை கோடைதோறும் மிசிசிப்பியில் மருத்துவ முகாம்களை நடத்தியது. மருத்துவர் டோரதி ஃபெரிபீ அதற்குத் தலைமை தாங்கினார். தோட்ட முதலாளிகள் தொழிலாளரை வெளியே விட மறுத்தமையால், செவிலியர் தம் மோட்டார் வண்டிகளையே மருத்துவ நிலையங்களாக்கித் தோட்டங்களுக்குள் சென்றனர். தோட்டப்புற வாழ்வை அறிந்த நமக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

1998இல் டெக்சஸ் மாநிலத்தில் 'கப்பா ஃபை காமா', 'டெல்டா ஃபை ஒமேகா' எனத் தெற்காசியப் பெண்களின் கழகங்களும் தோன்றின. 'தீதி'யும் 'அக்கா'வும் வீட்டுமொழியில் இருந்தும், 'பிக்', 'லிட்டில்' என்னும் சொற்களே வழங்குகின்றன என்பது தனி ஆய்வுக்குரியது.

மூத்தாளின் அதிகாரம்

உறவை உண்டாக்கும் மரபு, யார் உறவல்லர் என்பதையும் தீர்மானிக்கிறது. அலபாமா பல்கலைக்கழக வாயிலில் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் கறுப்பின மாணவரை மறித்து நின்றது 1963இல். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 2013 செப்டம்பரில், அதே வளாகத்தின் வெள்ளையர் மகளிர் கழகங்கள் தகுதிமிக்க கறுப்பின மாணவியைப் பழைய உறுப்பினர்களின் நெருக்குதலால் ஒதுக்கியமையை மாணவர் இதழான 'தி கிரிம்சன் ஒயிட்' வெளிப்படுத்தியது. இளைய உறுப்பினர்கள் சிலரே வாய்திறந்து சாட்சி சொன்னார்கள். மூத்த சகோதரியரை எதிர்த்துப் பேசுவதே அவ்விடத்தில் கடினமான செயலாக இருந்திருக்கும்.

இதனினும் கொடியது சேர்க்கைக்காலத் துன்புறுத்தல். உறங்கவிடாமை, இழிவுபடுத்தல், ஏவல்வேலை, அடி என்று பல வடிவங்களில் அது நிகழ்கிறது. கறுப்பினக் கழகங்களின் பேரவை 1990இல் பழைய நெடுங்காலப் பயிற்சி முறையையே ஒழித்தது. எனினும் மறைவில் அது தொடர்ந்தது. பெரியவர்–சின்னவர் இரவும் இதற்கு விலக்கன்று. ஆடவர் கழகங்களில், மூத்தவன் பரிசாக அளித்த ஒரு முழுப் புட்டி மதுவைக் குடித்து இளையவர் இறந்த நிகழ்வுகள் உள்ளன. நூற்கண்டின் முனையில் காத்திருப்பதும் புட்டியை நீட்டுவதும் ஒரே உறவின் பெயரால்தான். கல்லூரிகள் இத்தகைய நிகழ்வுகளைக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும் என்னும் கூட்டாட்சிச் சட்டம் 2024 டிசம்பரில்தான் வந்தது.

இதைக் கூறும்பொழுது நாம் ஒதுங்கி நிற்க இயலாது. இலங்கைத் தமிழர் 'பகடிவதை' என்று பொருத்தமாகப் பெயரிட்ட கொடுமைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1997இலும் இலங்கையில் 1998இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. மலேசிய விடுதிப் பள்ளிகளில் 'காக்காக் அங்காட்', 'அடிக் அங்காட்' என்று தத்தெடுத்துக்கொள்ளும் அக்காள்–தங்கை முறை உண்டு. வீட்டை விட்டு வந்த சிறுமிக்கு முதல் வாரத்தில் அது பெருந்துணை. அவளுடைய துணிகளைத் துவைக்கச் சொல்லும் அக்காவும் அதே முறையில் வந்தவளே. தமிழும் மலாயும் மூத்தாளுக்குத் தனிச்சொல் வைத்திருப்பதால் அவளுடைய அதிகாரம் நம் கண்ணுக்கு இயல்பாகத் தோன்றிவிடுகிறது. ஆங்கிலத்தில் அதை வலிந்து உருவாக்கவேண்டியிருத்தலால், உருவாக்கும் விதம் வெளிப்படையாகத் தெரிகிறது.

'சோரோரிட்டி'க்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என்று வகுப்பில் விவாதம் எழுந்தது. 'சகோதரியர் சங்கம்' அறுபது பிள்ளை பெற்ற தாயிடமே நம்மைக் கொண்டுசேர்க்கும். 'மகளிர் கழகம்' உறவை விட்டுவிடுகிறது. நான் கழகத்தின் பெயரை ஒலிபெயர்ப்பாகவே விட்டு, உள்ளுறவுகளைத் தமிழில் தெளிவாக்குமாறு கூறினேன். மறுவாரம் அம்மாணவர் திருத்திக்கொணர்ந்த தாளில், மூலத்தில் வெறுமனே சகோதரி என்று வரும் இடங்களில் எவள் மூத்தவள், எவள் இளையவள் என்று தேடிப் பிரித்து, 'அக்கா' என்றும் 'தங்கை' என்றும் எழுதியிருந்தார். இரண்டு இடங்களில் மட்டும் மூலத்திலிருந்து அதைக் கண்டறிய முடியவில்லை என்று ஓரத்தில் வினாக்குறி இட்டிருந்தார்.