தலைக்குக் கரண்ட் வைப்பதில்லை

மலையக ரயில் பாதை பதுளையை எட்டியது 1924இல். அதே ஆண்டில்தான் ஜெர்மனியின் ஜெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல வைத்தியர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். ரயில் தோட்டங்களுக்குப் பழகிப்போனது. அந்த மின்னலைப் பதிவான ஈ.ஈ.ஜி. என்றால் மட்டும், "தலைக்குக் கரண்ட் வைப்பார்கள்" என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. தலைத்தோலில் பசை தடவி ஒட்டும் இருபது சொச்சம் வயர்களும் எதையும் உள்ளே அனுப்புவதில்லை. மூளை தானாக எழுப்பும் அலையைப் பதிவு செய்கின்றன. அது பெரும்பாலும் ஒரு வோல்ட்டின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாது. அரை மணி நேர வேலை. முதல் நாளே தலை முழுகி, எண்ணெய் வைக்காமல் போக வேண்டும். வைத்தியர் சொல்லாமல் வலிப்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. இடையில் வெளிச்சத்தை மினுக்குவார்கள், வேகமாக மூச்சு வாங்கச் சொல்வார்கள்; அபூர்வமாக அப்போது வலிப்பு வரலாம். கர்ப்பிணிகளும் இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

கரண்ட் உண்மையிலேயே படுவது வேறொரு சோதனையில். கொழுந்து பறிக்கிற கை இரவில் விறைத்துப்போனால், மணிக்கட்டு நரம்பு நசுங்குகிறதா என்று பார்க்க, லேசான ஷொக் கொடுத்து நரம்பின் வேகத்தை அளப்பார்கள். சுரீரென்று இருக்கும், ஆபத்தில்லை. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மட்டும் அதை முதலிலேயே தெரிவிக்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். ஈ.ஈ.ஜி. 'நோர்மல்' என்று வந்தால் வலிப்பு இல்லை என்று அர்த்தமில்லை. வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதல் சோதனையில் எதுவும் தெரிவதில்லை. நோயைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பார்த்தவர் சொல்லும் விவரம்தான்: எந்தக் கை முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் போனது, எவ்வளவு நேரம் நீடித்தது. கையில் கொடுக்க இரும்புச் சாவியைத் தேடி ஓடுவதை விட்டு, ஆளைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, இன்னொருவர் போனில் வீடியோ எடுத்தால் அது வைத்தியருக்குப் பெரிய உதவி. ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

மடுல்சீமையிலிருந்து வந்த தாய் இந்த விவரங்களை அரைகுறைச் சிங்களத்தில் சொன்னால், தவறுவது மரியாதை மட்டுமல்ல, சிகிச்சையும்தான். அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. பதுளை போதனா வைத்தியசாலையும் அரச நிறுவனமே. மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் கேட்கலாம், சோதனை எதற்கென்று கேட்கலாம், அறிக்கையின் பிரதியையும் கேட்கலாம். காசு கட்டி வெளியே சோதனை செய்தவர்கள் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்; தனியார் நிலையங்களை 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த சபை ஒழுங்குபடுத்துகிறது.

மொழியுரிமை மறுக்கப்பட்டால் முதலில் வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு எழுதலாம். பதில் வரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்தை நாட ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். திகதி, கிளினிக், நடந்தது ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும்.