உங்களுக்குத் தெரியுமா? நிக்டோ ஒளிந்து வேலை செய்யாது!

1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய இருங்காட்டுக்கோட்டையில், இன்று உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளுக்கும் வெப்சைட் உண்டு. அதிலுள்ள ஓட்டைகளைத் தேடும் இலவசக் கருவி நிக்டோ. 2001இல் கிறிஸ் சல்லோ பெர்ல் மொழியில் எழுதியது. உபுண்டு டெர்மினலில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் நிக்டோ' என்று அடித்தால் இறங்கிவிடும். பிறகு நிக்டோ, மைனஸ் ஹெச், தள முகவரி, அவ்வளவுதான். பழைய சர்வர் பதிப்பு, யாரோ மறந்துவிட்டுப்போன பேக்கப் கோப்பு எல்லாம் வரிசையாக வரும். வெற்று மிரட்டல்களும் கலந்திருக்கும், கையால் சரிபார்த்தே ஆகவேண்டும். ஆயிரக்கணக்கில் கோரிக்கைகளை அனுப்புவதால் சர்வர் லாக்கில் தடம் அப்பட்டமாகப் பதியும். எனவே பக்கத்துக் கம்பெனித் தளத்தில் ஆழம் பார்க்க வேண்டாம்: அனுமதியின்றி நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு பாயும், மோசடி நோக்கமும் இருந்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை.